பூஜைக்கு வைத்த ஹார்ட் டிஸ்க்

1

“ஆடி மூன்றாம் ஞாயிறு. காலையில் மழை, பிறகு வெயில். மச்சான் அலுவலகக் கணினிக்குள் இங்கிருந்தே போய்வர வழி செய்தேன். எடை எந்திரம் கணினியோடு ஒட்டாமல் இருந்த கோளாறு நீங்கியது. பிடித்த நேரம் ஒன்றே கால் மணி. வழியை அடைக்க வேண்டும்.”

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய என் நாட்குறிப்பில் இருக்கும் வரிகள் இவை. கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறேன். செய்ய வேண்டிய வேலைக்குக் கட்டம் போடுவதும், முடித்த அன்று அதற்குள் சிவப்பு மையில் குறி வைத்துத் தேதி எழுதுவதும் ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து என் வழக்கம். பக்கத்தின் இடது ஓரத்தில் தமிழ் மாதமும் வலது ஓரத்தில் ஆங்கிலத் தேதியும் எழுதுவேன். என் மனைவி இதை ‘ரெண்டு ஊர் காலண்டர்’ என்பாள். அவளுக்கு எப்போது பல் பிடுங்கினார்கள் என்பதுகூட இதில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

நெதர்லாந்தில், கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். குடைமிளகாய் விளைவிக்கும் கண்ணாடிக்கூடங்களில் எனக்கு வேலை. ஒரு கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு சைக்கிளில்தான் போவோம். செடிக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு உரம், கூரைச் சன்னல் எத்தனை விரற்கடை திறப்பது எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்கிறது. அந்தக் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். முண்டு மிளகாய் விளையும் திருவாடானைப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவன், காரமே இல்லாத மிளகாய்க்குக் காவல் இருக்கிறேன் என்று அக்கா வீட்டுக்காரர் பூமிநாதன் மச்சான் கேலி செய்வார். செய்வார் என்பது பழைய கதை.

ஆண்டுக்கு ஒரு நாள், இலை உதிரும் பருவத்தில், எங்கள் கூடங்களில் ஒரு ஒத்திகை நடக்கும். யாரோ உள்ளே புகுந்து கணினிகளை எல்லாம் பூட்டிவிட்டதாக வைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு நான் இணைய வடத்தைப் பிடுங்குவேன். அன்று முழுவதும் கையால் வேலை. கயிற்றில் தொங்கும் கண்ணாடி வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுதுவார்கள். வண்டியில் ஏறும் பெட்டிகளில் சுண்ணக்கட்டியால் எண் போடுவார்கள். மாலையில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறொரு கட்டடத்தில் பூட்டி வைத்திருக்கும் நகல் வட்டை எடுத்துவந்து, எல்லாவற்றையும் மீட்டுக் காட்ட வேண்டும். அந்த அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. நகல் வட்டு எந்தக் கணினியோடும் இணைந்து இருக்கக் கூடாது என்பது சட்டம். அதை மீறாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த ஆண்டு அந்த ஒத்திகை விஜயதசமி அன்று விழுந்தது. மேலாளர் ஹென்க் காலண்டரில் நாள் குறித்துவிட்டார். அவரிடம் வேறு நாள் கேட்க என்னவென்று சொல்வது?

2

ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி, மிளகாய் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்களுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு. மாசி முதல் சித்திரைவரை பழம் பறித்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி இங்கே அடுக்குவார்கள். நல்ல விலை வரும்வரை மூட்டைகள் குளிரில் தூங்கும். தொடங்கிய நாளிலிருந்து கிடங்குக்குப் பொறுப்பு மச்சான்தான். சொந்த மிளகாயும் போடுவார். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த ஆறு மாதத்தில் கணினி வந்துவிட்டது. “என் கையெழுத்துக்கு வந்த வேலை, இப்ப ஒரு விரல்ல தட்டிக்கிட்டு இருக்கேன்” என்று சிரிப்பார்.

கணினி வந்ததற்குக் காரணம் உண்டு. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மருந்து அடிக்காமல் மிளகாய் போட முடிவெடுத்திருந்தார்கள். கீழக்கரை வியாபாரி ஜமால் காக்கா அவர்களுடைய சரக்கை வளைகுடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து வேறு நாடுகளுக்கும் கொண்டுபோவதாக ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. எந்த மூட்டை எந்த வயலில் விளைந்தது, அந்த வயலில் என்னென்ன போட்டார்கள், எந்த நாளில் பறித்தார்கள் என்று மூன்று ஆண்டுப் பதிவு தொடர்ந்து இருக்க வேண்டும். அதனால் மூட்டையில் ஒட்டும் சீட்டில் வெறும் கோடுகளும் எண்ணும் மட்டும். அந்த எண் யார் வீட்டுடையது என்பது கணினிக்குத்தான் தெரியும்.

அந்த மூன்று ஆண்டுகள் லேசானவை அல்ல. இலைப்பேன் வந்து செடி சுருண்டபோது பக்கத்து வயல்காரன் மருந்தடித்துத் தப்பித்தான். இவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துவிட்டு, பாதி வயலைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டு நின்றார்கள். எங்கள் அக்காவும் அதில் ஒருத்தி.

கணினி வாங்கியபோது எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தது நான். வாரா வாரம் சனிக்கிழமை ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும், எடுத்ததும் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றேன். ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்டார். செருகியே இருந்தால் கணினிக்கு வருகிற நோய் இதற்கும் வரும் என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

“கன்னுக்குட்டி கணக்கு. நேரத்துக்கு அவுத்து விட்டு நேரத்துக்குப் பிரிச்சுக் கட்டிரணும். இல்லைன்னா நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. அவ்வளவுதானே மாப்ளே?”

நாங்கள் இங்கே நடத்தும் பயிற்சி வகுப்புகளில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறியது கிடையாது. எடுத்து முடித்ததும் “கன்னைக் கட்டியாச்சு” என்று எனக்கு ஒரு செய்தி அனுப்புவார். அவற்றையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு ஆடியில் புதிய எடை எந்திரம் ஒன்று வந்து கணினியோடு ஒட்டாமல் தகராறு செய்தது. அதைச் சரிசெய்யத்தான், இங்கிருந்தபடியே அவர் கணினியை இயக்கும் மென்பொருளைப் போட்டேன். கடவுச்சொல்லாக அக்காவின் பெயரையும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றையும் வைத்தேன். மற்றவர்களுக்கு இதை எல்லாம் செய்யாதே என்று பாடம் எடுக்கிறவன் நான். சொந்தக்காரர் வீடுதானே, ஒரு மணி நேர வேலைதானே என்று இருந்துவிட்டேன்.

3

அதே ஆண்டு ஆயுத பூஜை அன்று பிற்பகல் எனக்கு ஒரு படம் வந்தது. கிடங்கு அலுவலக மேசைமேல் சிவப்புத் துண்டு விரித்து, கணினி, பிரிண்டர், எடை எந்திரத்தின் திரைப்பெட்டி, சீட்டு ஒட்டும் கருவி, கோணி ஊசிகள், பூட்டுச் சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொரி, கடலை, பூசணிக்காய். நடுவில் அந்த ஹார்ட் டிஸ்க். அதற்கும் மூன்று விரல் சந்தனப்பட்டை. நான் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி எரிவது தெரிகிறது. கணினியோடு இணைந்தால் மட்டுமே எரியும் புள்ளி. அன்று நான் பொரியைப் பார்த்தேன், பூசணிக்காயைப் பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டியைத் தொட மாட்டோம், அரிவாளைத் தொட மாட்டோம், படிக்கிற பிள்ளைக்கும் அன்று ஒரு நாள் விடுதலை. கணினியை எடுத்து வைத்து அணைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திரையில் சரஸ்வதி படம் தெரியட்டும் என்று அதை ஓடவிட்டு, டிஸ்க்கையும் அதில் செருகி, சூடம் காட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

விஜயதசமி காலை, இங்கே இன்னும் விடியவில்லை. மச்சானின் அழைப்பு.

“மாப்ளே, நல்ல நாளும் அதுவுமா முதல் பதிவு போடலாம்னு உக்காந்தேன். பிள்ளையார் சுழி தட்டலாம்னா விட மாட்டேங்குது. இங்கிலீஷ்ல பெரிய பெரிய எழுத்தா ஏதோ வந்து நிக்குது. விஜயதசமி வாழ்த்தா என்னன்னு பாரு.”

எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறான். மூன்றாவது வரியில் நிறுத்தச் சொல்லி, “மச்சான், டிஸ்க்கு பீரோவிலதானே இருக்கு?” என்று கேட்டேன்.

பின்னால் யாரோ பொரி மென்று சாப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: “இல்ல மாப்ளே. பூஜையில இருக்கு.”

4

கிடங்கில் ஒரு மூட்டைகூடக் கெடவில்லை. குளிரூட்டும் எந்திரங்கள் தனி மின்பலகையில் ஓடின. அவற்றுக்கும் கணினிக்கும் தொடர்பில்லை. மிளகாய் அத்தனையும் பத்திரமாகக் குளிரில் கிடந்தது. செருகியிருந்த டிஸ்க்கும் கணினியோடு பூட்டிக்கொண்டதால், எந்த மூட்டை யாருடையது என்பது மட்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மச்சான் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்.

“என்ன திருடு போச்சு?”

“ஒண்ணும் போகலை சார். எல்லாம் அங்கனதான் இருக்கு. எங்களுக்குத்தான் தொறக்கலை.”

“பூட்டை உடைச்சிருக்கானா?”

“இல்ல சார். பூட்டிட்டுப் போயிருக்கான்.”

இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, மாவட்டத் தலைநகரில் உள்ள இணையக் குற்றப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்கள். பூட்டியவன் கேட்டதைக் கொடுக்கக் கம்பெனியிடம் வழியில்லை. கொடுத்தாலும் திறப்பான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்று நான்தான் சொன்னேன். கணினியைத் துடைத்து எடுத்துப் புதிதாகத் தொடங்கினார்கள்.

அதற்கு முன் ஒரு முயற்சி நடந்தது. அக்காதான் ஆரம்பித்தது. “என் மூட்டையை எனக்குத் தெரியாதா? வாயைப் பார்த்தாச் சொல்லிருவேன்” என்று கிடங்குக்குள் போனாள். மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி தைப்பார்கள். சிலர் இடமிருந்து வலம். சிலர் இரண்டு தையலுக்கு ஒரு முடிச்சு. அக்கா கடைசியில் சணலை அறுக்காமல் காது மாதிரி ஒரு வளையம் விடுவாள், தூக்குவதற்கு. அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஸ்வெட்டர் இல்லாத ஊர், போர்வையைப் போர்த்திக்கொண்டு குளிரறைக்குள் பெண்கள் மூட்டை மூட்டையாகத் தடவிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் பெரும்பாலான மூட்டைகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஒரு சண்டைகூட வரவில்லை என்று அக்கா சொன்னாள். எங்கள் கண்ணாடிக்கூட ஒத்திகையில் இப்படி ஒன்றைச் செய்து காட்டினால் கைதட்டுவார்கள்.

ஜமால் காக்கா நேரில் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார். ஒன்றைத் திறந்து ஒரு பழத்தைக் கிள்ளி முகர்ந்தார். மச்சான் கூடவே நின்றிருக்கிறார்.

“காக்கா, சரக்கு மாறலை. பேரு மட்டுந்தான் போச்சு. அதையும் கண்டுபிடிச்சாச்சு.”

“எனக்குத் தெரியுது தம்பி. அல்லாஹ் சாட்சியா இது உங்க புள்ளைங்க மருந்தடிக்காத சரக்குதான். மூக்கே சொல்லுதே. ஆனா அங்கிட்டு இருக்கிறவன் மூக்கைக் கேக்க மாட்டான். காகிதத்தைக் கேப்பான்.”

“தையலைப் படம் எடுத்து அனுப்பினா?”

“நம்ம ரெண்டு பேருக்கும் அது கையெழுத்து. அவனுக்கு அது சணலு.”

காக்கா போகும்போது மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டே காருக்குப் போனாராம். மருந்தடிக்காத மிளகாய் அந்த ஆண்டு மற்ற மிளகாயோடு மிளகாயாகச் சந்தைக்குப் போனது. அதைவிடப் பெரிது, பதிவுத் தொடர் அறுந்துவிட்டது. மூன்று ஆண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதிப்பேர் தொடங்கவில்லை. அக்கா தொடங்கவில்லை.

கூட்டம் போட்டார்கள். யார் காரணம் என்று யாரும் கேட்பதற்கு முன்பே மச்சான் எழுந்து, “டிஸ்க்கைச் செருகினது நாந்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அத்தோடு பொறுப்பிலிருந்தும் விலகினார். இப்போது பருத்தி போடுகிறார். கிடங்கு வாசலைக் கடக்காமல் இருக்கக் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார் என்று அக்கா சொன்னாள். அந்த ஆண்டிலிருந்து அவர் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. மண்வெட்டி, தெளிப்பான், மோட்டார் சைக்கிள் எதற்கும் சந்தனம் வைப்பதில்லை. அக்கா மட்டும் தன் அரிவாள்மணையை அடுப்படியில் வைத்து ஒரு பொட்டு வைத்துக்கொள்கிறாள், அவர் பார்க்காத நேரத்தில்.

5

இந்த ஆவணியில் அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது அங்கே புதிய நிர்வாகம், புதிய ஆட்கள். மாவட்டத்து விவசாயிக் கம்பெனிகள் கூடும் ஒரு நாளில் கொடுப்பதற்கு இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும், கணினித் தாக்குதலிலிருந்து எப்படித் தப்புவது என்று நீங்கள்தான் எழுத வேண்டும், நம் அனுபவத்தையே உதாரணமாகச் சொல்லலாம் என்றிருந்தது. உதாரணத்தை அவர்களே ஒரு வரியில் எழுதியும் அனுப்பியிருந்தார்கள்: ‘அப்போதைய பொறுப்பாளரின் கவனக்குறைவால் முழுப் பதிவும் அழிந்தது.’

தேதிகளைச் சரிபார்க்கலாம் என்று பழைய நாட்குறிப்பை எடுத்தேன். புரட்டாசியிலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனபோது ஆடி மூன்றாம் ஞாயிறு வந்தது. வழியை அடைக்க வேண்டும். பக்கத்தில் கட்டம். கட்டம் வெறுமையாக இருந்தது.

நான்கு ஆண்டுகளாக எனக்கு அது நினைவிலேயே இல்லை. இதை வாசகர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை. மறதி என்பது சரியா, நினைக்க விரும்பாமல் இருந்தேனா என்பதை நானே பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு நாட்குறிப்பில் உள்ள கட்டங்கள் அனைத்தையும் எண்ணிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தவை இன்னும் சில உண்டு. நகராட்சிக்கு முகவரி மாற்றப் படிவம் அனுப்ப வேண்டும்: அனுப்பினேன், ரசீது இருக்கிறது, குறி வைக்க மறந்திருக்கிறேன். மகளுக்குத் தமிழ் வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டும்: கொடுக்கவே இல்லை. ஆக, வெறுங்கட்டம் என்றால் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

வேறு சான்று தேடினேன். ஊரில் இருந்த கணினியைத் துடைத்து எடுத்தாயிற்று. இங்கே என்னிடம் இருந்த பழைய மடிக்கணினியை மகள் கயலின் பள்ளிக்கூடத் தேவைக்காக நானே வெறுமையாக்கிக் கொடுத்தேன். அந்த நாளும் நாட்குறிப்பில் இருக்கிறது. சிவப்புக் குறியோடு இருக்கிறது.

6

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மச்சானை அழைத்தேன். அக்காதான் எடுத்தாள்.

“என்ன தம்பி, திடீர்னு? நாளைக்குத்தானே உன் முறை?” நான் திங்கள்தோறும் பேசுவது வழக்கம்.

“மச்சானைக் குடுக்கா.”

“அவரு பேச மாட்டாருடா. சரி, ஸ்பீக்கரைப் போடுறேன். கேட்டுக்கிட்டு இருப்பாரு.”

பக்கத்தில் கயல் இருந்தாள். பதினாறு வயது. கேள்வி கேட்டால் இந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். ஊருக்குப் பேசும்போது மட்டும் தமிழ். அதிலும் மரியாதைப் பன்மை அவளுக்கு வருவதில்லை. எனக்கு நேர் எதிர்ச்சிக்கல். இங்கே வந்த புதிதில் இவர்கள் மொழியின் மரியாதைச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டு நாயைக்கூட ‘நீங்கள்’ என்று கூப்பிட்டிருக்கிறேன்.

“மச்சான், ஒண்ணு சொல்லணும்.”

அவர் குரல் கேட்டது. “சொல்லு. உங்க ஊர்ல மழைன்னுதானே? அது என்னைக்குப் பெய்யாம இருந்துச்சு.”

ஆடி மாதத்து வழியைச் சொன்னேன். கடவுச்சொல்லைச் சொன்னேன். அந்த மாதிரித் திறந்து கிடக்கும் வழிகளைத் தேடிக்கொண்டு திரிவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், அக்கா பெயரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நெடுநேரம் ஆகாது என்றேன்.

“என் பேரை வச்சா பூட்டுன?” என்றாள் அக்கா. “ஏன்டா, வேற பேரே கிடைக்கலையா?”

“சும்மா இரு வள்ளி.” மச்சான் கேட்டார்: “வேலை முடிஞ்சதும் அடைச்சியா?”

“தெரியலை மச்சான்.”

“உனக்கா தெரியலை? என் கல்யாணத்தன்னைக்கு எத்தனை மணிக்குத் தூறல் விழுந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கிற ஆளுய்யா நீ.”

“அதைக் குறிச்சேன். இதைக் குறிக்கலை.”

ஒரு மோட்டார் சைக்கிள் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

“சரி மாப்ளே.” நான்கு ஆண்டுக்குப் பிறகு ‘மாப்ளே’ என்று என்னைக் கூப்பிட்டார். “அவன் உன் வழியா வந்தான்னே வச்சுக்குவோம். டிஸ்க்கு பீரோவில இருந்திருந்தா?”

“அதுக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் உள்ளது பூரா திரும்பியிருக்கும்.”

“அப்ப?”

உள்ளே வந்தது எப்படி என்பது ஒரு கேள்வி. மீள முடியாமல் போனது ஏன் என்பது வேறு கேள்வி. இதை நான் ஆண்டுதோறும் படம் வரைந்து விளக்குகிறேன். மச்சான் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

அப்போது கயல் குனிந்து தொலைபேசியருகில் வந்தாள். “மாமா, நீ ஏன் அதைச் செருகின?”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. இத்தனை நாளில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கூட்டத்தில் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. செருகினேன் என்று அவர் சொன்னதே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

“அன்னைக்கு எல்லாச் சாமானும் உசுரோட இருந்துச்சு தாயி” என்றார் மச்சான். “எடை மிஷின்ல நம்பர் எரியுது. பிரிண்டர்ல பச்சை எரியுது. கம்ப்யூட்டர்ல அம்மா உக்காந்திருக்கா. இது ஒண்ணு மட்டும் கறுப்பா, செத்த எலி மாதிரி கிடந்துச்சு. அத்தனை வீட்டு வெள்ளாமையும் அதுக்குள்ளதான் இருக்கு. அதுக்கு ஒரு வெளிச்சம் வேணாமா? செருகுனேன். கண்ணு தொறந்த மாதிரி நீலமா எரிஞ்சுச்சு. சூடம் காட்டுனேன். எடுக்கணும்னு தெரியும் எனக்கு. கன்னைப் பிரிச்சுக் கட்டணும்னு உங்க அப்பனுக்குச் சொன்னவனே நாந்தான். ஆனா பூஜையில வச்சதை எப்படிப் பிடுங்குறது? காலையில எடுத்துக்கலாம்னு விட்டேன்.”

கயல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

கம்பெனி கேட்ட குறிப்பில் என் பெயரையும் எழுதப்போகிறேன், உங்கள் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

“எழுதுறதுன்னா எழுது. ஆனா என் பேரை எடுக்காதே. செருகுனது செருகுனதுதான். பக்கத்துல இடம் இருந்தா நீயும் வந்து உக்காந்துக்க.”

7

அப்படியே எழுதி அனுப்பினேன். ஒத்திகைக்கு முந்தைய நாள் பதில் வந்தது. குறிப்பு மிகவும் பயனுள்ளதாக இருப்பதாகவும், அச்சுக்குப் போய்விட்டதாகவும், ஆனால் என்னைப் பற்றிய பத்தி உறுதிப்படுத்தப்படாத தகவல் என்பதால் நீக்கப்பட்டதாகவும், சான்று ஏதும் இருந்தால் அனுப்பிவைக்குமாறும் எழுதியிருந்தார்கள். பொறுப்பாளரின் கவனக்குறைவு என்ற வரி இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே யாராவது அப்படி ஒரு பத்தியைக் கொடுத்தால் நானும் நீக்கித்தான் இருப்பேன்.

விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்கு இணைய வடத்தைப் பிடுங்கினேன். மாலையில் கால்வாயைத் தாண்டிப் போய் நகல் வட்டை எடுத்துவந்தேன். எல்லாம் மீண்டது. ஹென்க் நேரத்தைக் குறித்துக்கொண்டு, போன ஆண்டைவிட விரைவு என்று தோளில் தட்டினார். வட்டைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து அறையைப் பூட்டும்போது அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்பாக, வெளிச்சமில்லாமல் இருந்தது. இருக்க வேண்டிய விதமும் அதுதான். அன்றிரவு அக்கா பேசினாள். இந்த ஆண்டும் மச்சான் எதையும் பூஜைக்கு வைக்கவில்லை.

கயலால் இதைப் படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் வகுப்பில் பெயர் கொடுக்காதவன் நான். படித்துக்காட்டினால் கேட்பாள். கேட்டுவிட்டு, அப்படியானால் உன் தவறு எது என்று கேட்டால் சொல்வதற்காக, தெரிந்ததைத் தனியாகவும் தெரியாததைத் தனியாகவும் எழுதி வைக்கிறேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு அன்று வழியைத் திறந்தவன் நான். அதற்கு அக்காவின் பெயரைப் பூட்டாகப் போட்டவன் நான். ஆயுத பூஜை அன்று நீலப் புள்ளி எரியும் படத்தைப் பார்த்துக் கைகூப்பியவன் நான். டிஸ்க்கைச் செருகியவர் என் மச்சான் பூமிநாதன். இவை நான்கும் சரிபார்த்தவை. உள்ளே வந்தவன் அந்த வழியாகத்தான் வந்தானா, ஏதோ ஒரு மின்னஞ்சலோடு வந்தானா, யாரோ செருகிய பென் டிரைவோடு வந்தானா என்று காட்டும் தடயம் எதுவும் மிச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து எழுந்தபோது நான் வழியை அடைத்தேனா என்பது, இதை எழுதும் ஐப்பசி முதல் வாரம்வரை, உறுதிப்படவில்லை.